மண்ணு மிதிக்க வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள் (சேர்வராயன் மலைக் கூடுகை)

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை நாங்க சில பேரு சேர்ந்து மண்சுவர் எழுப்புறது, சுண்ணாம்பு பூசுறது, மழைத்தண்ணிய நிறுத்துறது, தோட்டத்துக்குத் திட்டம் போடுறது இதையெல்லாம் கையால செஞ்சு கத்துக்கக் கூடுறோம். ஒரு தடவை ஏற்காட்டுக்கு மேல காப்பித் தோட்டத்துல, ஒரு தடவை கீழ வாழப்பாடி பக்கம் பாக்குத் தோப்புல, இப்படி மாறி மாறி நடக்கும். தேதி சொன்ன உடனே அதே கேள்விங்க வாட்ஸ்அப்புல வரிசையா வருது, ஒவ்வொருத்தருக்கும் அரைகுறையா பதில் போடுறதுக்கு ஒரே இடத்துல முழுசா எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

இது கிளாஸா, ஒர்க்‌ஷாப்பா, என்னதுங்க இது?

மூணு நாள் ஒண்ணா இருந்து வேலை செய்யறதுங்க. இருபது இருபத்தஞ்சு பேருக்கு மேல சேர்க்க மாட்டோம், ஏன்னா மேஸ்திரியைச் சுத்தி அதுக்கு மேல ஆளு நின்னா பாதிப் பேரு வேடிக்கைதான் பாப்பாங்க. விடியக்காலை ஆறரைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள மண்ணு மிதிக்க ஆரம்பிச்சிடுவோம், பத்து மணிக்கு கூழு, அப்புறம் சுவர் வேலை, மத்தியானம் நிழல்ல உக்காந்து நிலத்தோட படம் வரையறது, சாயங்காலம் நடந்து போயி தண்ணி எப்படி ஓடுது, எந்தச் செடி எங்க தானா முளைச்சிருக்குன்னு பாக்குறது. ப்ரொஜெக்டர் கிடையாது. நோட்டு கொண்டு வாங்க, ஆனா கையில சேறு இருக்கறப்ப எழுத முடியாது, அதனால ராத்திரி எழுதிக்குங்க.

யூடியூப்ல எல்லாமே இருக்கே, இதுக்கு எதுக்கு நேர்ல வரணும்?

இந்தக் கேள்விக்கு நான் என் கதையத்தான் சொல்லணும். நானும் வீடியோ பாத்துதான் ஆரம்பிச்சேன். எங்க தோட்டத்துல மோட்டார் ரூம் ஒண்ணு கட்டலாம்னு வீடியோவுல சொன்ன அளவு பிசகாம, மண்ணு இத்தனை சட்டி, மணல் இத்தனை சட்டி, வைக்கோல் இவ்வளவுன்னு கலந்து நாலு நாள்ல இடுப்பளவு சுவர் ஏத்திட்டேன். அஞ்சாவது நாள் வந்து பாத்தா சுவர் முழுக்க விரல் போற அளவு வெடிப்பு. பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி வந்தாங்க, சுவத்துலேர்ந்து ஒரு கட்டியைப் பிச்சு கையில வச்சு நசுக்கினாங்க, "ஏஞ்சாமி, இது கிணத்து மேட்டுக் களிமண்ணாச்சே, இதுக்கு மணலு இன்னும் ரெண்டு பங்கு வேணுமே"ன்னாங்க. வீடியோ எடுத்தவர் ஊரு மண்ணு வேற, என் மண்ணு வேற. அவரு சொன்னதும் தப்பில்ல, நான் அளந்ததும் தப்பில்ல. மண்ணு எவ்வளவு ஒட்டுது, தண்ணி போதுமா, மிதிச்சது போதுமான்னு காலுக்குத் தெரியணும். சரியா மிதிச்ச மண்ணுல குதிகாலை அழுத்தி எடுத்தா ஒரு சத்தம் வரும், பள்ளம் மூடாம நிக்கும், அந்தச் சத்தத்தை ஒரு தடவை காதால கேட்டுட்டா அப்புறம் மறக்காது. அதுக்குத்தான் வரச் சொல்றோம்.

எங்க நிலத்து மண்ணு சுவத்துக்கு ஆகுமா?

பெரும்பாலும் ஆகுங்க, அப்படியே ஆகுமா இல்ல எதாவது சேத்துக்கணுமாங்கறதுதான் கேள்வி. சேலம் சுத்து வட்டாரத்துல செம்மண் நிறைய, அதுல பல இடத்துல களியும் மணலும் நல்ல விகிதத்துலயே இருக்கும். கரிசல் வர்ற இடங்கள்ல கவனம் வேணும், மழையில உப்பும், வெயில்ல பாளம் பாளமா வெடிக்கும், அதை மட்டும் வச்சு சுவர் வைக்கக் கூடாது.

முதல்ல மேல் மண்ணை ஒதுக்குங்க. மேல ஒரு அடி வரைக்கும் இலைதழை மக்கி உயிரோட இருக்குற மண்ணு, அது செடிக்குச் சொந்தம், சுவத்துல வச்சா உள்ள இருக்குற வேரும் மக்கும் சுருங்கி ஓட்டை விழும். அதுக்குக் கீழ இருக்குற மண்ணை எடுத்து இப்படிப் பாருங்க. கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு போட்டு தண்ணி ஊத்தி ஒரு சிட்டிகை உப்பு போட்டு நல்லா குலுக்கி வச்சிடுங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல மணல் அடியில உக்காரும், ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல வண்டல் உக்காரும், களி உக்கார ஒரு நாள் ஆகும். மூணு அடுக்கும் கோடு போட்ட மாதிரி தெரியும், ஸ்கேல் வச்சு அளந்துக்கலாம். மண்ணை உருண்டை பிடிச்சு அடுக்கி எழுப்புற சுவத்துக்கு களி 15லேர்ந்து 25 சதவீதம் இருந்தா வசதி.

பாட்டில் ஒரு பக்கம் இருக்கட்டும், கையால பாக்குறது இன்னும் நம்பகம். ஈர மண்ணை விரல் தடிமனுக்கு பாம்பு மாதிரி உருட்டி உள்ளங்கை ஓரத்துலேர்ந்து மெதுவா வெளிய தள்ளுங்க, ரெண்டு இஞ்ச் வர்றதுக்குள்ள முறிஞ்சா களி பத்தாது, அஞ்சாறு இஞ்ச் வந்தும் முறியாம தொங்குனா களி அதிகம், மணல் சேக்கணும். அடுத்து ஒரு உருண்டை பிடிச்சு நெஞ்சு உயரத்துலேர்ந்து கீழ போடுங்க, தூள் தூளா சிதறக் கூடாது, சப்பாத்தி மாவு மாதிரி ஒட்டிக்கவும் கூடாது, லேசா விரிசல் விட்டு உருண்டையாவே நிக்கணும். கடைசியா மூணு விதமா மணல் கலந்து மூணு மண்கல் அறுத்து நிழல்ல ஒரு வாரம் காய வைங்க, எது வெடிக்காம, நகத்தால கீறுனா உதிராம இருக்கோ அதுதான் உங்க கலவை. அவசரப்பட்டு இந்தக் கடைசிப் படியைத் தாண்டிப் போகாதீங்க, நான் தாண்டித்தான் மோட்டார் ரூமை இடிச்சேன்.

பெர்மாகல்ச்சர்னா இயற்கை விவசாயம்தானே? அதையும் வீடு கட்டுறதையும் ஏன் ஒண்ணாச் சேத்து நடத்துறீங்க?

இயற்கை விவசாயம் அதுக்குள்ள ஒரு பகுதி. பெர்மாகல்ச்சர்ங்கறது வடிவமைப்பு, அதாவது வீடு, தண்ணி, மரம், ஆடு மாடு, அடுப்பு, கழிவு எல்லாத்தையும் ஒண்ணோட மிச்சம் இன்னொண்ணுக்கு உதவுற மாதிரி எந்த இடத்துல வைக்கிறதுன்னு யோசிக்கிறது. ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா தீவுல இருந்த பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978ல இந்தப் பேர்ல புத்தகமா போட்டாங்க. பூமியைப் பாத்துக்க, மனுஷங்களைப் பாத்துக்க, மிச்சத்தைப் பங்கு போடுங்கறதுதான் அடிப்படை. நம்ம ஊர்ல இயற்கை விவசாயம் பரப்பின நம்மாழ்வார் ஐயா கரூர் மாவட்டத்துல வானகம்ங்கற பண்ணையை ஆரம்பிச்சு சொல்லிட்டு வந்ததுக்கும் இதுக்கும் நெருக்கம் அதிகம், அவரு 2013ல மறைஞ்ச பிறகும் அங்க பயிற்சி நடந்துட்டுத்தான் இருக்கு.

ஏன் ஒண்ணா நடத்துறோம்னா, மண்ணு எடுத்தா பள்ளம் விழுது இல்லையா, அந்தப் பள்ளம் எங்க விழணும்னு யாரு முடிவு பண்றது? வீடு கட்டுறவரு வண்டி போக வசதியா வாசல்லயே தோண்டுவாரு. தண்ணி ஓடி வர்ற வழியைப் பாத்து தோண்டினா அதே பள்ளம் குட்டையா மாறிடும், மழைக்கு நிரம்பும், கிணத்துக்கு ஊறும். ஒதுக்கி வச்ச மேல் மண்ணு காய்கறிப் பாத்திக்குப் போகும். குளிக்கிற தண்ணி வாழைக்குப் போகும். அப்ப ஒரே குழியில வீடும் குட்டையும் தோட்டமும் வந்துடுது, இதைத் தனித்தனியா சொல்லிக் குடுத்தா யாருக்கும் மனசுல ஒட்ட மாட்டேங்குது, நாங்க முயற்சி பண்ணிப் பாத்துட்டோம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குள்ள நடந்தா இன்னும் நல்லாப் புரியும். மேல சில்வர் ஓக், அதுல ஏறுற மிளகு, நடுவுல ஆரஞ்சு, பலா, கீழ காப்பி, தரையில சருகு. இதுதான் பல அடுக்குத் தோட்டம். ஆனா அதே சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்த மரம், அது மட்டுமே நிழலுக்கு நிக்கிற தோட்டத்தையும், அத்தி, பலா, கல்யாண முருங்கைன்னு கலந்து நிக்கிற தோட்டத்தையும் அடுத்தடுத்து நடந்து பாருங்க, குருவிச் சத்தத்துலயே வித்தியாசம் தெரியும். எனக்குக் கலந்த தோட்டம்தான் பிடிக்கும், அதை மறைக்காமச் சொல்லிடுறேன்.

மழை பெஞ்சா மண்சுவர் கரைஞ்சிடாதா?

நனையவிட்டா கரையும். அதனால நனையாம கட்டணும். கடைக்கால் கருங்கல்லுல போட்டு தரைக்கு மேல ஒண்ணரை ரெண்டு அடி வரைக்கும் கல்லாவே ஏத்திட்டு அதுக்கு மேல மண்ணை வைக்கணும், கூரை சுவத்தைத் தாண்டி ரெண்டரை மூணு அடி வெளிய வரணும், சாரல் அடிக்கிற பக்கம் தாழ்வாரமோ திண்ணையோ விட்டுடணும். அடியும் கூரையும் சரியா இருந்தா பாதிக் கவலை தீந்துச்சு. நம்ம தாத்தா காலத்து வீடுங்க நின்னதே இப்படித்தான். கரைஞ்சு விழுந்த மண் வீட்டைப் போயிப் பாருங்க, பெரும்பாலும் ஓடு உடைஞ்சு மாத்தாம விட்டிருப்பாங்க, இல்ல ரோடு உயந்து தண்ணி சுவத்தடிக்கு வந்திருக்கும்.

பாத்ரூம் சுவத்துக்கு மட்டும் மண்ணு வேணாங்க. சுட்ட செங்கல்லுல சுண்ணாம்பு போட்டு கட்டிக்குங்க.

சேலத்துல வெள்ளைக்கல் மலையே இருக்கே, அதைச் சுட்டு சுண்ணாம்பாக்கிக்கலாமா?

ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தரு இதைக் கேக்குறாங்க, கேக்குறது நியாயம்தான், வெள்ளைக்காரனே அதைப் பாத்து சாக் மலைன்னு பேரு வச்சுட்டுப் போயிட்டான். அது சுண்ணாம்பு இல்லைங்க, மேக்னசைட், மக்னீசியம் இருக்குற கல்லு, உருக்காலைக்கு வெப்பம் தாங்குற செங்கல் செய்யத்தான் போகுது. பூச்சுக்கு நமக்கு வேண்டியது கால்சியம் இருக்குற சுண்ணாம்புக்கல், அது சங்ககிரிப் பக்கம் கிடைக்குது, அங்க சிமெண்ட் ஆலை இருக்குறதே அதனாலதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு வேணும்னா கடலோர ஊர்லேர்ந்து வாங்கணும்.

சுண்ணாம்பு வேலையில ஒண்ணே ஒண்ணு விளையாட்டு இல்ல. நீத்தாத, அதாவது இன்னும் தண்ணி படாத, சுண்ணாம்புக் கட்டியை தண்ணிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா போடணும், கட்டி மேல தண்ணிய ஊத்தக் கூடாது. அது கொதிக்கும், தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடாதவங்களை நாங்க தொட்டிக்கிட்டயே விடறதில்ல, யாரு வருத்தப்பட்டாலும் சரி. பட்டுட்டா நல்ல தண்ணியில இருபது நிமிஷம் விடாம கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

நீத்த சுண்ணாம்பை தண்ணி மூடி வச்சு பழுக்க விடணும், எவ்வளவு நாள் இருக்கோ அவ்வளவு வழவழப்பு. கடுக்காயை இடிச்சு ஊற வச்ச தண்ணியும் வெல்லமும் சேத்து மணலோட அரைச்சா பூச்சுக்குத் தயார். பூசின பிறகு ஒரு வாரம் பத்து நாள் ஈரம் காயாம பாத்துக்கணும், அது காத்துல இருக்குற கரியமில வாயுவை இழுத்துக்கிட்டு மறுபடி கல்லா மாறுது, அவசரமா காஞ்சா மாவா உதிரும்.

சிமெண்ட் துளி கூடப் போட மாட்டீங்களா?

எங்க கூடுகையில போடறதில்ல. ஆனா போடுறவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்ல மண்ணோட அஞ்சு சதவீதம் அளவுக்கு சிமெண்ட் கலந்து மெஷின்ல அழுத்தி செய்யற கல்லு இருக்கு, சுடாத கல்லு, அதுல மாடி வீடே கட்டுறாங்க. டவுன்ல சின்ன மனையில மாடி வேணும்ங்கறவங்களுக்கு அதுதான் சரியா வரும்னு நானே சொல்லியிருக்கேன். உலகத்துல வெளியாகுற கரியமில வாயுவுல சுமார் 8 சதவீதம் சிமெண்டுலேர்ந்துதான் வருதுங்கறதையும் சேத்துச் சொல்லிடுவேன், அப்புறம் அவங்க முடிவு.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, பழைய மண்சுவத்து மேல சிமெண்ட் பூச்சு. உள்ள ஈரம் வெளிய போக வழியில்லாம அடைஞ்சு, ரெண்டு மூணு மழைக்கப்புறம் பூச்சு பலகை பலகையா பேந்து வரும், வர்றப்ப மண்ணையும் பிச்சுக்கிட்டு வரும். தாத்தா வீட்டை புதுசாக்கறேன்னு ஆரம்பிச்சு இப்படி வீணாக்கினவங்க எங்ககிட்ட நிறைய வந்திருக்காங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

சேலம் வெயிலுக்கு மண் வீட்டுல ஏசி இல்லாம இருக்க முடியுமா?

பகல்ல நல்லாவே இருக்கலாம். ஒண்ணேகால் அடி ஒண்ணரை அடி கனமான சுவர் வெயிலை உடனே உள்ள விடாது, மத்தியானம் வாங்கின சூடு உள்ள வந்து சேர ராத்திரி ஆயிடும். அதனால ராத்திரி ஜன்னலையெல்லாம் திறந்து வச்சு சூட்டை வெளிய தள்ளணும், காலையில எட்டு மணிக்குள்ள மூடிடணும். கொசுவலை அடிச்சு பெரிய ஜன்னல் எதிரெதிரா வைங்க. சுவரை மண்ணுல கட்டிட்டு மேல தகரக் கூரை போட்டா எந்தப் புண்ணியமும் இல்ல, சூடு பூரா மேலேர்ந்து இறங்கிடும். நாட்டு ஓடு, இல்லன்னா சீமை ஓட்டுக்குக் கீழ மூங்கில் தட்டி அடிச்சு மண் பூசுங்க.

கரையான்?

வரும், பாத்துக்கணும். கல் அடித்தளம் உயரமா இருந்தா கரையான் கோடு போட்டு ஏறுறது வெளியவே தெரியும், தட்டி விட்டுடலாம். மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிங்க. மூங்கில் மூணு வருஷத்துக்கு மேல முத்தினதா இருக்கணும், போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணியில ஊற வச்சு நிழல்ல காய வச்சா செல்லரிக்காது. தேய்பிறையில வெட்டணும்னு பெரியவங்க சொல்வாங்க, நாங்களும் அப்படித்தான் வெட்டுறோம்.

செலவு கம்மியா ஆகுமா?

"மண்ணு சும்மாதானே கிடைக்குது"ன்னு நினைச்சு வர்றவங்களுக்கு இதை முதல்லயே சொல்லிடணும். சாமான் செலவு குறையும், கூலி கூடும். சிமெண்ட் வீட்டுல கம்பெனிக்குப் போற காசு இங்க ஊர்ல இருக்குற கைகளுக்குப் போகுது, எனக்கு அதுல சந்தோஷம்தான், ஆனா மொத்த பில் பாதியாயிடும்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. நீங்களும் சொந்தக்காரங்களும் சேந்து வேலை செஞ்சா, பழைய வீடு இடிக்கிற இடத்துல ஓடு, கதவு, ஜன்னல் வாங்கினா, ஒரே தளத்தோட சின்னதா கட்டினா நிஜமாவே குறையும். எங்களோட வந்து கத்துக்கிட்ட ஒரு குடும்பம் ஆத்தூர்ப் பக்கம் வீடு கட்டுறப்ப பேங்குல லோன் கேட்டு அலைஞ்சாங்க, மண் வீட்டுக்குன்னதும் கடைசிவரைக்கும் கிடைக்கல. அதையும் கணக்குல வச்சுக்குங்க.

ஏற்காட்டுல இடம் இருக்கு, உடனே கட்டலாமா?

மலைப்பகுதிக்கு அனுமதி விதிமுறை தனி, மண் வீடுன்னாலும் அதே விதிதான். மரம் வெட்டவும் அனுமதி கேக்கணும். கட்டறதுக்கு முன்னாடி ஒரு மழைக்காலம் முழுக்க அந்த இடத்தை சும்மா பாருங்க, தண்ணி எந்த வழியா இறங்குது, காத்து எங்கேர்ந்து அடிக்குது, காட்டெருமை எந்தப் பாதையில போகுதுன்னு எழுதி வைங்க. அந்த நோட்டு உங்களுக்கு எந்த இன்ஜினியர் ப்ளானை விடவும் உதவும்.

மழைத்தண்ணி நிக்க மலைச்சரிவுல வாய்க்கால் வெட்டணும்னு சொல்றாங்களே?

இங்க ரொம்ப யோசிச்சுப் பண்ணணுங்க. சமவெளியில, லேசான சரிவுல, ஏறாம இறங்காம ஒரே உயரத்துல போற சமமட்டக் கோட்டுல வாய்க்கால் வெட்டினா தண்ணி ஓடாம நின்னு ஊறும், அருமையான வேலை. அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேணாம், மேல சேத்துக் கட்டின ஆறடி குச்சி ரெண்டு, குறுக்குக் கட்டை ஒண்ணு, உச்சியிலேர்ந்து கயித்துல ஒரு கல்லு, அவ்வளவுதான். குழந்தைங்களே அரை மணி நேரத்துல அதைப் பிடிச்சிடுறாங்க. ஆனா சரிவு 15 டிகிரிக்கு மேல போயிட்டா வாய்க்கால்ல நிக்கிற தண்ணி மண்ணைக் கனமாக்கி மொத்தமா சரிச்சு விட்டுடும். ஏற்காட்டுல நிறைய இடம் அதுக்கு மேலதான். அங்க கல்லடுக்கி வரப்பு, வெட்டிவேர் வரிசை, மரம், இதோட நிறுத்திக்குங்க. கீழ வாழப்பாடியில பாத்த வேலையை மேல வந்து அப்படியே செஞ்சு மண்சரிவை வரவழைச்சிடக் கூடாது.

கூரைத்தண்ணிக்கு கணக்கு லேசு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி கூரைன்னா 93 சதுர மீட்டர், ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 930 லிட்டர். சேலத்துல வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர்னு வச்சுக்கிட்டாலும் எண்பதாயிரம் லிட்டரைத் தாண்டுது. இதைப் பலகையில எழுதிக் காட்டினா தண்ணி லாரி வாங்குற டவுன்காரங்க எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருவாங்க.

யாரு சொல்லிக் குடுக்கறாங்க?

மேஸ்திரி ரெண்டு பேரு, தோட்ட வடிவமைப்பு படிச்ச ரெண்டு பேரு, அப்புறம் மலை ஊர்லேர்ந்து வர்ற அக்காங்க, பாட்டிங்க. சேர்வராயன் மலையில இருக்குற மலையாளி மக்கள், கேரளாக்காரங்க இல்லைங்க, தமிழ் பேசுற பழங்குடி மக்கள், மலையை ஆள்றவங்கங்கற அர்த்தத்துல வந்த பேரு, அவங்க காலங்காலமா மூங்கிலைப் பிளந்து தட்டி கட்டி ரெண்டு பக்கமும் மண்ணு பூசி மேல புல்லு வேஞ்சுதான் வீடு கட்டினாங்க. லேசான சுவர், மலைக் குளிருக்கும் சரிவுக்கும் பொருத்தம். இப்ப அந்த ஊர்கள்லயும் காங்கிரீட் வீடுதான் எழும்புது, ஆனா கை மறக்கல. சாணி மொழுகுறப்ப ஒரு பாட்டி கையை எப்படித் திருப்புறாங்கன்னு பாக்கறதுக்காகவே நான் ஒவ்வொரு தடவையும் பக்கத்துல போயி உக்காந்துக்குவேன், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவுல கோடே தெரியாது.

அவங்களை வேடிக்கைப் பொருளா பாக்காதீங்க, கேக்காம ஃபோட்டோ எடுக்காதீங்க. அவங்க இங்க ஆசிரியருங்க. மேஸ்திரிக்கு என்ன கூலியோ அதே கூலிதான் அவங்களுக்கும், இதுல நாங்க இதுவரைக்கும் பேரம் பேசினதில்ல.

எப்ப நடக்கும்?

சுவர் வேலை தை, மாசி, பங்குனியில. மண்ணு காயணும், ஒரு நாளைக்கு ஒரு அடி ஒண்ணரை அடிக்கு மேல ஏத்தக் கூடாது, கீழ இருக்குறது இறுகின பிறகுதான் மேல வைக்கணும், அதுக்கு வெயில் வேணும். ஐப்பசி கார்த்திகையில சுவர் வேலையே வைக்கிறதில்ல. தோட்டம், விதை, நடவு எல்லாம் ஆடியில, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னவங்க சும்மா சொல்லல.

தோட்டத்துல என்னென்ன செய்வோம்?

மக்கு உரம் குவிக்கிறது, ஜீவாமிர்தம் (சாணி, கோமியம், வெல்லம் ஊற வச்ச கரைசல்) கலக்குறது, வாழை வட்டம் (கழிவு போடுற குழியைச் சுத்தி வாழை), மூடாக்கு (சருகால மண்ணை மூடுறது). குவியல் சரியா போட்டா மூணாவது நாள் உள்ள கையை விட முடியாது, 55லேர்ந்து 65 டிகிரி வரைக்கும் சூடு ஏறும், களை விதையெல்லாம் செத்துடும். காஞ்சது நிறைய, பச்சை கொஞ்சம், நடுநடுவுல சாணிக் கரைசல். நம்ம பக்கம் ஜவ்வரிசி ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்குச் சக்கை, கிடைச்சா அதையும் கலக்கலாம், ஆனா மொத்தமா கொட்டாதீங்க, புளிச்சு நாத்தமடிக்கும், சருகோட அடுக்கடுக்கா போடுங்க. மரவள்ளி மாவுல பசை காச்சி சலிச்ச செம்மண்ணோட கலந்து உள்சுவத்துக்கு அடிக்கிற மண் பெயிண்ட்டும் செய்வோம், வேற நாட்டுல இதுக்கு கோதுமை மாவு போடுறாங்க, நமக்குத்தான் குச்சிக்கிழங்கு இருக்கே.

பொண்ணுங்க தனியா வரலாமா? குழந்தைங்களைக் கூட்டிட்டு வரலாமா?

வரலாம். பாதிக்கு மேல பெண்கள்தான் வர்றாங்க. தங்க தனி அறை, உள்பக்கம் தாழ்ப்பாளோட குளியலறை, ராத்திரி லைட் எல்லாம் நாங்களே ஒரு தடவை பாத்துட்டுத்தான் இடத்தை முடிவு பண்றோம். மாசத் தேதியில இருக்குறவங்க எப்ப வேணா உக்காந்துக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல. குழந்தைங்க வந்தா மண்ணு மிதிக்கிற வேலை பாதி நேரத்துல முடிஞ்சிடும். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் மட்டும் அவங்களுக்கு அனுமதி இல்ல. முட்டிவலி இருக்குற பெரியவங்களுக்கு பூச்சு வேலை, விதை வேலை நிறைய இருக்கு.

என்ன கொண்டு வரணும்?

கறை பட்டாலும் பரவாயில்லங்கற பருத்தித் துணி மூணு செட், தொப்பி, துண்டு, டார்ச், தண்ணி பாட்டில், சொந்தத் தட்டு டம்ளர். மலை மேலன்னா ஸ்வெட்டர் கண்டிப்பா, ஏற்காடு 1500 மீட்டர் உயரம், தை மாசத்து ராத்திரி நடுங்கிடும். இருபது கொண்டை ஊசி வளைவு, வாந்தி வர்றவங்க வெறும் வயித்துல பஸ் ஏறாதீங்க, எலுமிச்சம்பழம் வச்சுக்குங்க. இருட்டினதுக்கு அப்புறம் தோட்டத்துக்குள்ள தனியா நடக்க வேணாம், காட்டெருமை நடமாட்டம் இருக்கு.

சாப்பாடு, டாய்லெட்?

ராகிக் கூழு, களி, சாமைச் சோறு, கீரை, பருப்பு, ஒரு நாள் சாயங்காலம் தட்டுவடை செட். வெளிய ஆளுங்க சேந்தா பாக்கு மட்டைத் தட்டு. டாய்லெட் உலர் கழிப்பறை, போயிட்டு தண்ணி ஊத்தாம சாம்பலும் மரத்தூளும் போடணும், கழுவுற இடம் தனி. முதல் நாள் தயங்குறவங்கதான் மூணாவது நாள் இதோட அளவு என்னன்னு டேப் வச்சு அளக்குறாங்க.

கட்டணம் எவ்வளவு?

லாபம் வைக்கிறதில்ல. கூலி, சாப்பாடு, சாமான், இடம் எல்லாத்தையும் கூட்டி வர்றவங்களால வகுக்கிறோம், கணக்கை கடைசி நாள் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறோம். முடியாதவங்க முன்னாடியே சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் மூணு நாலு இடம் அதுக்குன்னே ஒதுக்கியிருக்கோம். மலை ஊர்க்காரங்களுக்குக் கட்டணம் இல்ல.

மூணு நாள் முடிச்சா வீடு கட்டத் தெரிஞ்சிடுமா?

தெரியாதுங்க. ஒரு திண்ணை, ஒரு அடுப்பு, நாய்க்கு ஒரு கூண்டு, இதைத் தைரியமா கட்டலாம். அதைக் கட்டி ஒரு மழைக்காலம் தாங்குதான்னு பாத்துட்டு, வெடிச்ச இடத்தை ஒட்டிட்டு, மறுபடி வாங்க. நிறைய கத்துக்கணும்னா பெர்மாகல்ச்சர் வடிவமைப்புப் படிப்பு 72 மணி நேரம், உலகம் பூரா அதே அளவு. மண் கட்டுமானத்துக்கு திருவண்ணாமலையில தண்ணல், ஆரோவில்ல எர்த் இன்ஸ்டிடியூட், ரெண்டு இடத்துலயும் நீண்ட பயிற்சி இருக்கு. வீடுன்னு இறங்குறப்ப அனுபவமுள்ள மேஸ்திரி இல்லாம கூரை ஏத்தாதீங்க, சுவர் தப்பானா இடிச்சு மறுபடி மிதிச்சுக்கலாம், கூரை அப்படி இல்ல.

பேரு எப்படிக் குடுக்கறது?

உங்க பேரு, வயசு, ஊரு, உடம்புக்கு எதாவது இருந்தா அது, இதோட உங்க நிலத்து மண்ணை பாட்டில்ல குலுக்கி ஒரு நாள் வச்சு எடுத்த ஃபோட்டோ ஒண்ணு அனுப்புங்க. நிலம் இல்லாதவங்க தெருமுனையில வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுறாங்கன்னா அங்க கேட்டு ஒரு பிடி வாங்கிக்குங்க. வர்றப்ப அந்த மண்ணுல ரெண்டு கிலோ பையில கட்டி எடுத்துட்டு வாங்க, முதல் நாள் காலையில எல்லாரோட மண்ணையும் வரிசையா வச்சுத்தான் ஆரம்பிப்போம்.